கேள்விக்குறிகளாகிப்போன பதினேழு பேர்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம், தஞ்சாவூரில், மருத்துவக் கல்லூரிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சிறிய தெருவில் நடந்தது இது. நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் முப்பத்தொரு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எழுதப்போவது நான் செய்த பிழையைப் பற்றி.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். கணவர் வளைகுடா நாடொன்றில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். வீட்டில் மனைவியும் பதினோரு வயது மகளும். மகளுக்குத் தலசீமியா. உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். அவளுடைய ரத்தப் பிரிவே எளிதில் கிடைக்காத பிரிவு. அதோடு, பல ஆண்டுகளாக ஏற்றி ஏற்றி, அதே பிரிவு ரத்தத்திலும் சிலருடையதை அவள் உடம்பு ஏற்க மறுத்தது. பரிசோதித்துப் பார்த்து, ஒத்துப்போகும் என்று தேறியவர்கள் மொத்தம் பதினேழு பேர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று மூன்று மாவட்டங்களில் சிதறியிருந்தார்கள். ஒருவர் ஒரு முறை கொடுத்தால் மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். யார் எப்போது கொடுத்தார், அடுத்து யாரைக் கூப்பிடலாம் என்று கணக்கு வைத்திருந்தவர் அந்த அம்மா.

அந்தக் கணக்கு இருந்தது வீட்டுக் கணினியில், மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருளின் முகவரிப் பட்டியலில். முன்பு கைபேசியில்தான் வைத்திருந்தார். அது ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து எல்லா எண்களும் போயின. அப்போது விடுமுறையில் வந்திருந்த கணவர், இனிமேல் கணினியில் வை, அது தண்ணீரில் விழாது என்று சொல்லி ஏற்பாடு செய்துகொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து திரையைப் பார்த்து எண்ணை அழுத்திக் கூப்பிடுவது அவர் வழக்கம்.

பட்டியலில் பெயர்கள் பெயர்களாக இருக்கவில்லை. பதினேழு பேரில் நான்கு பேருக்கு ஒரே பெயர் என்பதால், ‘நன்னிலம் டிராக்டர்’, ‘நாகப்பட்டினம் ஐஸ் கம்பெனி’, ‘தபாலாபீஸ் தம்பி’ என்றுதான் எழுதியிருந்தார். எல்லாம் தமிழில். ஒவ்வொருவருக்கும் கீழே குறிப்பு எழுதும் இடத்தில் கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி. அதோடு ‘சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லணும்’, ‘இவங்க மாமியாருக்குத் தெரியக்கூடாது’ என்ற வகையில் ஒரு வரி. அதே பட்டியலில் மின்னஞ்சல் முகவரியும் இருந்தது. ரத்ததான முகாம் படிவத்தில் கேட்டதால் எல்லோரும் எழுதியிருந்தார்கள், அதை அவரும் குறித்துக்கொண்டிருந்தார். ஆனால் நான்கைந்து பேரைத் தவிர யாருக்கும் அவர் அஞ்சல் அனுப்பியதில்லை.

ஐப்பசி மழையில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்ததில் அந்தக் கணினி திணறத் தொடங்கியது. கணினி பழுதுபார்ப்பவர் வந்து பார்த்துவிட்டு, முழுவதும் ஃபார்மட் செய்து புதிதாக எல்லாம் ஏற்ற வேண்டும் என்றார். அந்த அம்மா என்னிடம் வந்தார்.

“சார், லிஸ்ட்டை மட்டும் பத்திரமா எடுத்துக் குடுத்துடுங்க. மத்தது எது போனாலும் பரவாயில்லை.”

நான் போனேன். முகவரிப் பட்டியலை வெளியே எடுத்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளும் வசதி மென்பொருளிலேயே இருந்தது. ஐந்து நிமிட வேலை. எடுத்தேன். அந்தக் கோப்பில் எல்லாம் சரியாக இருந்தது. அப்படியே விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது.

நான் விடவில்லை. அதை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்தேன். ஏறத்தாழ தொண்ணூறு பத்திகள் இருந்தன, பெரும்பாலானவை காலி. தொலைநகல் எண், பேஜர் எண், அலுவலக உதவியாளர் பெயர் என்று யாரும் நிரப்பாத கட்டங்கள். பக்கம் அமைத்துப் பழகியவனுக்குக் காலியான பத்தியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. காலிப் பத்திகளை நீக்கினேன். ஊர்வாரியாக வரிசைப்படுத்தினேன். கைபேசி எண்கள் இருந்த பத்தியில் மட்டும் எண்களுக்குப் பதிலாக 9.19E+11 என்று தெரிந்தது. ஒன்றின் மேல் சொடுக்கிப் பார்த்தேன்; மேலே உள்ள பட்டையில் பன்னிரண்டு இலக்கமும் முழுதாக வந்தது. சரி, பார்வைக்குத்தான் அப்படி என்று திருப்தி அடைந்தேன். அதே பெயரில் சேமித்தேன். இந்த வடிவத்தில் சேமித்தால் சில அம்சங்கள் இழக்கப்படலாம், தொடரலாமா என்று கணினி ஆங்கிலத்தில் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். திரையில் எல்லாம் அழகான தமிழில் அப்படியே நின்றன. மூடினேன்.

கோப்புக்குத் தேதியோடு பெயரிட்டு, ஒரு பென் டிரைவில் ஒரு நகல், என் வீட்டுக் கணினியில் ஒரு நகல் வைத்தேன். பழுதுபார்ப்பவர் இரண்டு முறை கேட்டார்.

“டேட்டா எல்லாம் எடுத்தாச்சா சார்? சில பேர் இதே கம்ப்யூட்டர்ல டி டிரைவுல போட்டுட்டு எடுத்தாச்சும்பாங்க. மொத்தமா அழிக்கப் போறேன்.”

“வேற வேற இடத்துல ரெண்டு காப்பி இருக்கு” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கணினி இரண்டே நாளில் திரும்பி வந்துவிட்டது. அடுத்த முறை ரத்தம் ஏற்றும் நாள் வரை பட்டியல் தேவைப்படவில்லை. அந்த வாரத் திங்கட்கிழமை காலை அந்த அம்மா கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை ஏற்ற வேண்டும். ரத்தத்தைப் பரிசோதிக்க ஒரு நாள் ஆகும் என்பதால் வியாழன் காலைக்குள் ஒருவர் வந்து கொடுத்தாக வேண்டும். நான் பென் டிரைவைச் செருகிக் கோப்பைத் திறந்தேன்.

பதினேழு வரிகள் இருந்தன. பெயர் இருந்த இடத்தில் எல்லாம் கேள்விக்குறிகள். ‘நன்னிலம் டிராக்டர்’ எத்தனை எழுத்தோ அத்தனை கேள்விக்குறி. எண் இருந்த பத்தியில் பதினேழு வரியிலும் ஒரே 9.19E+11. இந்த முறை சொடுக்கிப் பார்த்தாலும் மேலே வந்தது 919, அதன் பின் வெறும் சுழியங்கள். என் வீட்டு நகலைத் திறந்தேன். அதுவும் இதுதான், ஒரே கோப்பின் இரண்டு பிரதிகள் வேறு எப்படி இருக்கும்? நான் சேமித்த வடிவத்துக்குத் தமிழ் எழுத்துகளை வைத்துக்கொள்ளத் தெரியாது என்பதையும், நீண்ட எண்ணைத் திரையில் தெரிகிற சுருக்கமாகவே அது எழுதிவிடும் என்பதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மூடும் வரை திரை பழையதைத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

குறிப்புகளில் தேதிகள் மட்டும் பிழையில்லாமல் பிழைத்திருந்தன. கடைசியாக ரத்தம் கொடுத்த நாள் ஒவ்வொரு வரியிலும் துல்லியமாக இருந்தது. கொடுத்தது யார் என்பதுதான் இல்லை.

“இதுல நம்பர் எங்க சார்?” என்று கேட்டார் அந்த அம்மா.

விளக்கினேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

“வெள்ளிக்கிழமை சார்” என்றார்.

பள்ளிக்குக் கிளம்பிய மகள் பையோடு வாசற்படியில் நின்று எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அங்கிள், பேப்பர்ல தப்பு வந்தா மறுநாள் ‘வருந்துகிறோம்’னு சின்னதா ஒண்ணு போடுவீங்கள்ல? இதுக்கு எங்க போடுவீங்க?”

“வாயை மூடிக்கிட்டுப் போடி, ஆட்டோ நிக்குது” என்றார் தாய்.

அவள் சிரித்துக்கொண்டே இறங்கினாள். மூன்றாவது படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மீதிப் படிகளில் இறங்கினாள். ரத்தம் ஏற்ற வேண்டிய வாரத்தில் அவள் அப்படித்தான் இருப்பாள். அதற்கு முந்தைய ஆண்டு ஒரு முறை ஆள் கிடைக்காமல் பத்து நாள் தள்ளிப்போய், இதயம் திணறி, எட்டு நாள் மருத்துவமனையில் படுத்திருந்தாள். இன்னொரு முறை அப்படி ஆகக் கூடாது என்று மருத்துவர் அழுத்திச் சொல்லியிருந்தார்.

அன்று பகலில் செய்யக்கூடியதை எல்லாம் செய்தோம். பழுதுபார்ப்பவர் அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டார். கல்யாணப் புகைப்படங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன, பட்டியல் வரவில்லை. அந்த அம்மாவின் கைபேசியில் அழைப்பு விவரத்தைப் பார்த்தோம். அதில் இருந்தவர்கள் அண்மையில் கூப்பிடப்பட்டவர்கள், அதாவது அண்மையில் ரத்தம் கொடுத்தவர்கள். இப்போது கொடுக்க முடியாதவர்கள். எங்களுக்கு வேண்டியவர்களின் எண்கள் அந்த நினைவிலிருந்து எப்போதோ உதிர்ந்துவிட்டன. ரத்த வங்கியில் விவரத்தை வெளியே தர விதியில்லை என்றாலும், தாங்களே கூப்பிட்டுப் பார்ப்பதாகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். படிவங்களில் இருந்தவை பழைய எண்கள், எதற்கும் அழைப்பு போகவில்லை. கணவரிடம் சொல்லலாமா என்று கேட்டேன்.

“வேணாம் சார். அங்க இருந்துகிட்டு அவங்க என்ன செய்வாங்க? தூக்கம்தான் போகும்.”

மிஞ்சியது ஒன்றே ஒன்று. மின்னஞ்சல் முகவரிகள் ஆங்கில எழுத்தில் இருந்ததால் அவை பதினேழும் சேதமில்லாமல் இருந்தன. தலைப்பிலேயே செய்தி முழுதும் தெரியும்படி, ‘நீங்கள் ரத்தம் கொடுத்த சிறுமிக்கு வெள்ளிக்கிழமை மீண்டும் தேவை’ என்று எழுதி, என் கைபேசி எண்ணையும் போட்டுப் பதினேழு பேருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். இரண்டு உடனே திரும்பி வந்தன. அந்த முகவரிகள் இப்போது இல்லை. மாலையில் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து எழுதினார், தை மாதம்தான் ஊருக்கு வருவதாக. சென்னையிலிருந்து ஒருவர், போன மாதம்தான் வேறொருவருக்குக் கொடுத்ததாக எழுதி மன்னிப்புக் கேட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை முழுவதும் எதுவும் வரவில்லை. அந்த முகவரிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு முகவரிகள் ஒரே மாதிரி மூன்று எழுத்தில் முடிந்தன. கண்ணில் பட்டது, காரணம் புரியவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணி அளவில் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு.

“சார் வணக்கம். நன்னிலத்துலேருந்து பேசறேன், இங்க கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன். டிராக்டர் ஓட்டறவர் ஒருத்தர் மெயிலுக்கு நீங்க ஒண்ணு போட்டிருக்கீங்க.”

பெண் குரல். முப்பது வயதுக்குள் இருக்கும். பின்னால் கூட்டமான இரைச்சல்.

“ஆமாம்மா. அவரைத் தெரியுமா?”

“தெரியுமாவா? அந்த மெயில் ஐடி அவருக்கு இருக்கறது அவருக்கே நெனப்பில்ல சார். பயிர் இன்சூரன்ஸ் போடறதுக்காக நான் உண்டாக்கினது. இன்னிக்கும் அதுக்குத்தான் வந்திருக்காரு, உள்ள போனா உங்க மெயில் நிக்குது.”

“அவர் எங்கே இருக்கார்?”

“இதோ எதிர்ல. வாய் நிறைய வெத்தலை. துப்பிட்டு வரட்டும், குடுக்கறேன்.”

டிராக்டர்காரர் வந்தார். “மூணு மாசம் ஆயி மேல பத்து நாளும் ஆச்சுங்க. கூப்பிடவே இல்லியே, நம்ம ரத்தம் பாப்பாவுக்கு ஆவலையோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார். மறுநாள் முதல் பஸ்ஸில் வருவதாகச் சொன்னார்.

கைபேசி மறுபடி அந்தப் பெண்ணிடம் போனது. என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.

“மூடிட்டு மறுபடி திறந்து பாக்கலையா சார்?” என்றார். குற்றம் சாட்டும் குரல் அல்ல, உண்மையாகவே வியந்தார். “நாங்க ஒரு பட்டா மாறுதல் அப்ளிகேஷன் போட்டாகூட, சேவ் பண்ண ஃபைலைத் திறந்து அவங்க கண்ணுல காட்டிட்டுத்தான் ஆளை அனுப்புவோம். இல்லேன்னா ரெண்டு பஸ் மாறித் திரும்பி வந்து என்னைத்தான் திட்டுவாங்க.”

பத்திரிகை அச்சாகும்போது முதலில் வரும் பிரதியைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை ஓட்டச் சொல்வோம். முப்பத்தொரு ஆண்டுகள் நான் செய்தது அதைத்தான்.

“அந்த மாதிரி கடைசியில் மூன்று எழுத்து இருக்கிற முகவரி இன்னும் ஐந்து இருக்கும்மா” என்றேன்.

“அது எங்க சென்டர் பேரோட எழுத்து சார். காலேஜ்ல ரத்ததான கேம்ப் நடந்தப்ப இந்தப் பக்கத்து ஆளுங்க நெறைய பேர் குடுத்தாங்க. படிவத்துல மெயில் கேட்டதும் எங்கிட்டத்தான் வந்து கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்க. பாஸ்வேர்டு எல்லாம் இங்க நோட்டுல இருக்கு. படிங்க, யார் யாருன்னு சொல்றேன்.”

படித்தேன். ஒவ்வொரு முகவரிக்கும் ஊர், தெரு, தொழில், கைபேசி எண் என்று நிறுத்தாமல் சொன்னார். தாத்தா காலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் என்றும், தான் கணினி படித்ததால் இப்போது அதே வயல்களுக்கான அடங்கல், சிட்டா ஆவணங்கள் தன் மேசைக்கு வருவதாகவும் இடையில் ஒரு வரி சொன்னார். கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள், காகிதத்தில் எழுதி வைக்காதீர்கள் என்ற அறிவுரையை நான் பணியில் இருந்தபோது எத்தனையோ முறை பெட்டிச் செய்தியாகத் திருத்திப் போட்டிருக்கிறேன். அந்த அறிவுரை சரியானது. அதை ஆறு பேர் கேட்காததால்தான் எங்களுக்கு அந்த ஆறு பேரும் கிடைத்தார்கள். இரண்டும் உண்மை.

வைக்கும் முன் அவர் இன்னொன்று சொன்னார். “ஒருத்தரை நம்பி இருக்காதீங்க சார். அங்க வந்ததும் இவருக்கு பிரஷர் கூடிடுச்சுன்னா என்ன செய்வீங்க? அங்கன்வாடியில வேலை பாக்கற அக்கா ஒருத்தங்க இதுல இருக்காங்க. அவங்களையும் அனுப்பி வைக்கிறேன்.”

இரண்டு பேரும் வியாழன் காலை ஒன்பதரைக்கு வந்தார்கள். டிராக்டர்காரருக்கு ரத்த அழுத்தம் சரியாகவே இருந்தது. ஆனால் முதல் நாள் பல்வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தார். என்ன மாத்திரை என்று பார்த்துவிட்டு, இப்போது எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

“ஒரே ஒரு மாத்திரைதானுங்க” என்று அவர் ரத்த வங்கி ஊழியரிடம் மன்றாடினார். ஊழியர் கேட்கவில்லை. அவர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, தன் கன்னத்தைத் தானே இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார்.

அங்கன்வாடி ஊழியர் கொடுத்தார். அவருடைய மாமியாருக்குத்தான் விஷயம் தெரியக்கூடாதாம். கும்பகோணத்தில் ஜாக்கெட் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

“போறப்ப ஒரு துணியாச்சும் வாங்கிட்டுப் போவணும். இல்லேன்னா அது நூறு கேள்வி கேக்கும்” என்றார், பழச்சாற்றைக் குடித்துக்கொண்டே.

அந்த அம்மா ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், பீரோவிலிருந்து பிரிக்காத ஜாக்கெட் துணி ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். டிராக்டர்காரர் அதைப் பார்த்துவிட்டு, “நான் என்னான்னு சொல்லிட்டு வந்தேன்னு என்னை யாரும் கேக்கலியே” என்றார். அந்த நான்கு நாளில் அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை ரத்தம் ஏற்றினார்கள். சனிக்கிழமை பக்கத்து வீட்டுச் சிறுமி படியில் நிற்காமல் இறங்கினாள்.

பட்டியலைத் திரும்பக் கட்ட ஆறு வாரம் ஆனது. பதினான்கு பேர் கிடைத்தார்கள். மூன்று பேர் இன்றுவரை யார் என்று தெரியவில்லை. அந்த மூன்று வரிகளையும் தேதியோடு, கேள்விக்குறியோடு அப்படியே வைத்திருக்கிறோம்.

இப்போது நகல் எடுக்கும் முறை இது. மென்பொருள் தரும் கோப்பை எதிலும் திறந்து அழகுபடுத்துவதில்லை. வந்தது வந்தபடி வைக்கிறோம். ஒரு நகலையாவது அந்த வீட்டுக்கு வெளியே வைக்கிறோம். எடுத்ததும் அதை என் கணினியில் இருக்கும் அதே மென்பொருளில் ஏற்றிப் பார்க்கிறோம். பெயர்கள் தமிழில் வருகின்றனவா என்று பார்த்துவிட்டு, ஏதாவது ஓர் எண்ணை அழுத்துகிறோம். மறுமுனையில் ஆள் பேசினால்தான் அதை நகல் என்று ஒப்புக்கொள்கிறோம். டிராக்டர்காரர் முறை வந்தால் அவர், “என்னங்க, இன்னிக்கும் பரிட்சையா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

புதிய பட்டியல் முடிந்த அன்று அதை நகலெடுக்கக் கணினி தெரிந்த வேறு யாரையாவது அந்த அம்மா கூப்பிடுவார் என்றுதான் நினைத்தேன், அதுதான் நியாயமும்கூட. அவர் பென் டிரைவை என் கையில் கொடுத்து, “நீங்களே எடுங்க சார், இனிமே உங்களை விடக் கவனமா யாரு பாப்பாங்க?” என்றார். ஒரு பிழைக்காக ஒருவரை எப்படி நடத்துவது என்று அலுவலகத்தில் எத்தனையோ பேர் விஷயத்தில் முடிவெடுத்தவன் நான், ஒரு முறைகூட இப்படி முடிவெடுத்ததில்லை. அதனால் இப்போதும் அந்தக் கோப்பை மூடிவிட்டு மறுபடி திறக்கிறபோது, பெயர்கள் பெயர்களாகத் திரையில் வந்து நிற்கும் அந்த ஒரு நொடி வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.